அண்ணன் பாஸாகட்டும்

சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்த ஈஸ்வரம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. கல்லில் கிடந்த ரொட்டி கருகுகிற வாசனை வந்தும் அவள் அதைத் திருப்பவில்லை.

அவள் புருஷன் ஓபுளேசு அப்போதுதான் அதைச் சொல்லியிருந்தான்.

"ஹைமா, நீ இந்த வருஷம் பரீட்சை எழுத வேணாம்."

ஹைமாவதிக்கு முதலில் புரியவில்லை. நிலக்கடலைச் சட்னியைத் தொட்ட கையோடு அப்பாவைப் பார்த்தாள்.

"எந்தப் பரீட்சை நாய்னா?"

"இன்டர் பரீட்சைதான். வேற எது இருக்கு?"

"ஏன்?"

"அண்ணன் எழுதட்டும். மொதல்ல அவன் பாஸாகட்டும். நீ அடுத்த வருஷம் எழுதிக்கோ. ஒரு வருஷம் என்ன, கண்ண மூடித் தொறந்தா போயிடும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் மத்திலேட்டி ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தான். ஒன்றுகூட வாய்க்குப் போகவில்லை. தலையும் நிமிரவில்லை.

"ஃபீஸுக்குக் காசு இல்லையா நாய்னா?" என்று கேட்டாள் ஹைமா.

"காசப் பத்தி யாரு பேசினா? ரெண்டு பேருக்கும் கட்டக் காசு இருக்கு."

ஓபுளேசுவுக்குக் கோபம் வந்தது. பேதஞ்செர்ல பக்கம் கல் பாலிஷ் போடும் ஃபேக்டரியில் அவன் மிஷின் ஓட்டுகிறவன். பிள்ளைகள் ஃபீஸுக்கு யாரிடமும் கை நீட்டியதில்லை. காசு இல்லை என்று மகள் நினைத்துவிட்டாளே என்பது ஒரு அவமானம். உண்மைக் காரணத்தை அவளிடம் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லையே என்பது அதைவிடப் பெரிய அவமானம்.

கடைசியில் ஈஸ்வரம்மாதான் சொன்னாள். மகளின் முகத்தைப் பார்க்காமல், கருகிய ரொட்டியைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

"படுத்திருக்கறவங்கள யாராவது தெரியாம தாண்டிட்டா என்னம்மா செய்வோம்? திரும்பத் தாண்டி வரச் சொல்லுவோம்ல? இல்லாட்டி படுத்திருக்கறவன் வளர மாட்டான்னு சொல்லுவோம்ல? நீ அண்ணனத் தாண்டிட்ட. கொஞ்சம் திரும்பி வா. அவ்வளவுதான்."

"நான் எங்கம்மா தாண்டினேன்? நான் பாட்டுக்குப் படிச்சேன்."

"அதேதான்" என்றாள் அம்மா.

விஷயம் இதுதான். மத்திலேட்டி ஹைமாவைவிட ஒரு வயசு பெரியவன். ஒன்பதாவதில் ஃபெயிலாகி அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார்ந்தான். ஹைமா வந்து சேர்ந்துகொண்டாள். அதிலிருந்து இரண்டு பேரும் ஒரே வகுப்பு. பத்தாவதில் அவள் ஸ்கூலிலேயே முதலாவதாக வந்தாள், அவன் எப்படியோ கரையேறினான். ஸ்கூல் ஹாலில் அவளுக்குக் கை தட்டும்போது அவனும் தட்டினான். பத்தாவதுக்கு மேல் இரண்டு வருஷ இன்டர் படிக்க டவுனுக்குப் பஸ்ஸில் போக வேண்டும். எங்கள் ஊரில் பெண்பிள்ளையைத் தனியாக டவுனுக்கு அனுப்ப மாட்டார்கள். "அண்ணன் போறான்ல, கூடப் போயிட்டு கூட வரட்டும்" என்றுதான் அவளையும் சேர்த்தார்கள். அவன் போகாவிட்டால் அவள் படிப்பே பத்தாவதோடு நின்றிருக்கும். அவன் ஒருநாளும் அவளை விட்டுவிட்டு வந்ததில்லை. கூட்டமான பஸ்ஸில் அவளை ஜன்னல் ஓரம் நிற்க வைத்து, முன்னால் கையை நீட்டி மறித்துக்கொண்டு நிற்பான். நல்ல பையன். கணக்குத்தான் வரவில்லை.

இன்டர் முதல் வருஷத்தில் அவள் எல்லாவற்றிலும் பாஸ். அவன் கணக்கிலும் ஃபிஸிக்ஸிலும் போய்விட்டான். அந்த இரண்டையும் சேர்த்து இந்த மார்ச்சில் எழுத வேண்டும். சாயங்காலம் ஆனால் தங்கச்சிதான் அவனுக்குச் சொல்லிக் கொடுப்பாள். வீட்டுக்குள் அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

ஓபுளேசுவின் பெரியப்பா மகன் வீட்டு கிருஹப்பிரவேசத்தில்தான் அது வெளியே வந்தது. பந்தியில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஓபுளேசுவின் தங்கச்சி புல்லம்மா பரிமாறிக்கொண்டு வந்தாள். அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவள், வாய் அதிகம்.

"டேய் மத்திலேட்டி, வீட்ல ஹைமாவ தங்கச்சின்னு கூப்பிடறியா, மேடம்னு கூப்பிடறியா?"

பந்தி முழுக்கச் சிரித்தது.

"ஹோம்வொர்க் பண்ணலன்னா முட்டி போட வெக்கறாளாம்" என்றான் எதிர்வரிசையில் ஒருத்தன்.

"பரவால்லடா, வீட்டு வாத்தியார். சம்பளம் மிச்சம்!"

மத்திலேட்டி பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்து போனான். பந்தியில் பாதியில் எழுந்தால் அது விருந்து வைத்தவனுக்கு அவமரியாதை. ஓபுளேசு போய்ப் பெரியப்பா மகனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது அவன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான்.

இப்படி அண்ணனுக்காகத் தங்கச்சியை நிறுத்துவதற்கு எங்கள் பக்கம் ஒரு பெயர்கூடக் கிடையாது. பெயர் இருந்தால் வழக்கம் என்று சொல்லலாம், வழக்கம் என்றால் எதிர்த்துப் பேசலாம். ஆனால் தெருவில் விசாரித்துப் பார்த்தால் தெரியும். எந்த வீட்டில் பையன் ஃபெயிலாகி நின்றானோ அந்த வீட்டில் பின்னால் வந்த பெண்ணும் அங்கேயே நின்றிருப்பாள். யாராவது கேட்டால் "அவளுக்குப் படிப்புல இஷ்டம் இல்ல" என்பார்கள்.

ரொட்டி கருகிய அந்த ராத்திரிக்கு மறுநாள், எழுதாத பரீட்சைக்குக் காலேஜ் எதுக்கு என்று ஓபுளேசு ஹைமாவை வீட்டில் நிறுத்திவிட, மத்திலேட்டி மட்டும் பஸ் ஏறினான். அவனுக்கு லேசாக இருந்தது. யாரையும் பார்த்துக்கொள்ள வேண்டாம், வகுப்பில் யாரும் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்க்க மாட்டார்கள். பாதி வழியில்தான், தனக்கு லேசாக இருக்கிறது என்பதையே அவன் கவனித்தான். அப்புறம் டவுன் வரைக்கும் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனான்.

"தங்கச்சி எங்கப்பா?" என்று கணக்கு லெக்சரர் கேட்டார்.

"ஜுரம் சார்."

"உன் டீச்சர் லீவாடா? அப்ப உனக்கும் லீவு விடலாமே" என்றான் பின்பெஞ்சுக்காரன். மத்திலேட்டியும் சேர்ந்து சிரித்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, வழக்கம்போலக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தங்கச்சி முன்னால் உட்கார்ந்தான். ஓபுளேசுவும் அங்கேதான் இருந்தான். அவன் போட்ட திட்டத்தில் அதுவும் உண்டு. அவள் வீட்டில் இருப்பாள், அண்ணனுக்குச் சொல்லிக் கொடுப்பாள், அண்ணன் பாஸாவான்.

ஹைமா புத்தகத்தைப் பார்த்தாள்.

"இது எனக்குத் தெரியாதுண்ணா."

"இன்டிக்ரேஷன்தான். போன வாரம் நீதானே சொல்லிக் குடுத்த?"

"போன வாரம் காலேஜுக்குப் போனேன். இப்பப் போகல. போகாதவளுக்கு என்ன தெரியும்?"

"பழசு தெரியும்ல?"

"மறந்துட்டேன்."

"ஒரே நாள்லயா?" என்றான் ஓபுளேசு.

"ஆமா நாய்னா. ஒரு வருஷமே கண்ண மூடித் தொறந்தா போயிடும்னா, படிச்சது ஒரு நாள்ல போகாதா?"

குரலை உயர்த்தவில்லை. அழவுமில்லை. எழுந்து போய் அம்மாவோடு சேர்ந்து கடலை உரித்தாள்.

முதல் இரண்டு நாள் ஓபுளேசு திட்டினான். திமிர் என்றான். வீட்டுச் சோறு தின்கிறவள் வீட்டுக்கு உதவ மாட்டாளா என்றான். அவள் எல்லா வேலையும் செய்தாள். தண்ணீர் பிடித்தாள், மாடு கழுவினாள், அண்ணனுடைய சட்டையைக்கூடத் துவைத்துப் போட்டாள். புத்தகத்தை நீட்டினால் மட்டும் "தெரியாதுண்ணா" என்றாள். மத்திலேட்டி மூன்றாம் நாளிலிருந்து நீட்டுவதை விட்டுவிட்டான். கொல்லையில் போய்த் தனியாக உட்கார்ந்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

காலேஜ் டெஸ்ட் ஒன்று வந்தது. அதில் அவன் வாங்கிய மார்க்கைப் பார்த்துவிட்டு ஓபுளேசு மகளைக் கூப்பிட்டான்.

"சரி. நாளைல இருந்து நீயும் காலேஜுக்குப் போ."

ஈஸ்வரம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"போய்ப் பாடத்தக் கேளு. வந்து அண்ணனுக்குச் சொல்லு. பரீட்சை மட்டும் எழுத வேணாம்."

"ஏன்யா, கொழாய்ல தண்ணி புடிச்சிட்டு வான்னு குடம் குடுத்து அனுப்பற மாதிரி அனுப்பறியே" என்றாள் ஈஸ்வரம்மா. அவளும் மகளைத் திரும்பி வரச் சொன்னவள்தான். ஆனாலும் இது அவளுக்கே என்னவோ போல இருந்தது.

"நீ சும்மா இரு. எனக்கு வேற வழி தெரியல."

ஹைமா போனாள். வகுப்பில் எல்லாவற்றையும் கேட்டாள், எழுதிக்கொண்டாள். சாயங்காலம் அண்ணனுக்கு எதையும் மறைக்காமல் சொல்லிக் கொடுத்தாள். பேச்சு வாக்கில் தோழிகள் "நீ பரீட்சை ஃபீஸ் கட்டிட்டியா?" என்று கேட்டால் "இன்னும் இல்ல" என்பாள். அப்படிச் சொல்லும்போது தப்பு செய்தவள் மாதிரி அவள் முகம் சுருங்கும். நிறுத்தியவர்களுக்கு வர வேண்டிய வெட்கம் அவளுக்கு ஏன் வர வேண்டும்? ஆனால் வந்தது.

மத்திலேட்டியும் ஃபீஸ் கட்டவில்லை. அப்பா கொடுத்த காசு சட்டைப் பையிலேயே கிடந்தது. இன்றைக்கு க்ளார்க் வரவில்லை என்றான், இன்றைக்குக் கூட்டம் என்றான். கவுன்டரில் அவன் ஒருத்தன் பெயரை மட்டும் சொன்னால் "தங்கச்சிக்கு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து அவன் ஒவ்வொரு நாளும் கவுன்டரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். கடைசி நாள் வந்ததும் ஓபுளேசு ஃபேக்டரிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு தானே பஸ் ஏறினான்.

காலேஜ் கவுன்டரில் வரிசை நீளமாக நின்றது. ஓபுளேசு மகனைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றான். ஹைமாவை "நீ கிளாஸுக்குப் போ" என்றான். கடைசி நாள் என்பதால் அன்று முதல் பீரியட் நடக்கவில்லை. அவள் சுவர் ஓரமாக நின்றாள்.

அவர்கள் முறை வந்தது. க்ளார்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"மத்திலேட்டியா? வாய்யா வா, கடைசி நாள்தான் உனக்கு நல்ல நாளா? பழைய பேப்பர் ரெண்டும் சேத்துத்தானே? சரி." எழுதினார். பிறகு சுவர் பக்கம் பார்த்தார். "ஹைமாவதியும் உங்க வீட்டுப் பொண்ணுதானே? அவளோடதும் குடுங்க, சேத்தே போட்டுடலாம்."

"அவளுக்கு வேணாம் சார்" என்றான் ஓபுளேசு.

"வேணாமா? ஏன்?"

ஓபுளேசு பின்னால் திரும்பிப் பார்த்தான். இருபது முப்பது பிள்ளைகள் நின்றார்கள். இரண்டு மூன்று பேர் அவனைப் போலவே தோளில் துண்டு போட்ட அப்பாக்கள். வீட்டில் சுலபமாகச் சொன்ன விஷயம் இங்கே வாயில் வரவில்லை. அண்ணனுக்குத் தலைகுனிவு என்று சொன்னால், யாருடைய மகன் என்று எல்லாரும் பார்ப்பார்கள். மகனோ பக்கத்திலேயே நிற்கிறான்.

"உடம்பு சரியில்ல சார் அவளுக்கு."

க்ளார்க் ஹைமாவை மறுபடி பார்த்தார். "என்னம்மா உடம்புக்கு? தெனம் வர்றியே?"

ஹைமா சுவரை விட்டு வந்தாள். ஓபுளேசு அவளை ஒரு பார்வை பார்த்தான். கெஞ்சுகிற பார்வையா மிரட்டுகிற பார்வையா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் குரல் சரியாகவே வந்தது.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு சார். எங்கண்ணன் ஃபெயிலாகி நான் பாஸாயிட்டா அண்ணனுக்கு அவமானம்னு என்ன எழுத வேணாம்னு சொல்லிட்டாங்க. அண்ணனுக்குச் சொல்லிக் குடுக்கறதுக்காக மட்டும் தெனம் வரேன்."

வரிசையில் பின்னால் யாரோ ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். ஒரு பெண் "பாவம்டி" என்றாள். அது யாரைச் சொன்னது என்று தெரியவில்லை. துண்டு போட்ட அப்பாக்களில் ஒருத்தர் சீக்கிரமாக வேறு பக்கம் பார்த்தார். அவர் வீட்டில் என்ன கதையோ.

க்ளார்க் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "அப்படியாங்க?" என்று ஓபுளேசுவைக் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அதுதான் அவனைக் குத்தியது.

ஓபுளேசுவின் வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கல் தூளில் இத்தனை வருஷம் நின்றவனுக்கு அங்கே மூச்சு முட்டியது.

"கட்டு நாய்னா" என்றான் மத்திலேட்டி.

அந்த ரொட்டிச் சாப்பாட்டிலிருந்து இந்த விஷயத்தில் அவன் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. காது இரண்டும் சிவந்திருந்தது. கீழே பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அவளுக்கும் கட்டு. பந்தியில சிரிச்சாங்க, இங்கயும் சிரிச்சாச்சு. இதுக்கு மேல என்னப் பாத்து சிரிக்க ஒண்ணும் இல்ல. அவள நிறுத்தி வெச்சு நான் பாஸானா, அத நான் யாருகிட்ட போய்ச் சொல்றது?"

ஓபுளேசு சட்டைப் பையில் கை விட்டான். மகள் மேல் இரக்கப்பட்டு எடுத்தான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அப்படி இல்லை. பின்னால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் எடுத்தான். ஊருக்குப் பயந்து நிறுத்தினான், ஊருக்குப் பயந்தே கட்டினான். எங்கள் ஆம்பளைகளிடம் நல்லதும் கெட்டதும் அப்படித்தான் வருகிறது.

திரும்பி வரும் பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். ஊர் நெருங்கும்போது ஓபுளேசு மெல்லச் சொன்னான்.

"இத ஊர்ல யாருகிட்டயும் சொல்லாதீங்க. அண்ணனுக்கு மட்டும் கட்டினோம்னு சொல்லுங்க. நீ எழுது, நான் வேணாங்கல. ரிசல்ட் வரட்டும். அவனும் பாஸானா ரெண்டு பேரும் பாஸுன்னு சொல்லிக்கலாம்."

"அவன் பாஸாகலன்னா?" என்று ஹைமா கேட்டாள்.

"ஆகலன்னா… நீ எழுதவே இல்லன்னு வெச்சுக்குவோம். மார்க் லிஸ்ட் எங்கயும் போயிடாது. பொட்டியில இருக்கும்."

திருடிக்கொண்டு வந்த சாமானைப் பற்றிப் பேசுகிற மாதிரி அவன் பேசினான். மத்திலேட்டி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பஸ் நிறுத்தத்திலிருந்து தெருவுக்குள் நுழைந்ததும் முதல் வீடு புல்லம்மாவுடையது. அவள் வாசலில் உட்கார்ந்து முறத்தில் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்ன, அப்பனும் புள்ளைங்களும் ஊர்வலமா வரீங்க? வெள்ளச் சட்டையெல்லாம் போட்டு? பொண்ணு பாக்கப் போனீங்களா?"

"மத்திலேட்டிக்கு ஃபீஸ் கட்ட" என்று சொல்லிவிட்டு ஓபுளேசு நடையை எட்டிப் போட்டான்.

"எனக்கும் கட்டியாச்சு அத்த" என்றாள் ஹைமா.

ஓபுளேசு நின்றான். திரும்பவில்லை.

"மார்ச்ல நானும் எழுதறேன். அண்ணன் பாஸானாலும் ஆகலன்னாலும் என் ரிசல்ட்ட நானே வந்து உன்கிட்ட சொல்லுவேன். நீ கேலி பண்ணிக்கோ."

புல்லம்மா கேலி பண்ணவில்லை. மிளகாய் கிள்ளிய கை முறத்தின் மேலேயே இருந்தது. தன் அண்ணன் ஓபுளேசுவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டினானா?" என்றாள். "உங்க நாய்னாவா கட்டினான்?"

"ஆமா அத்த."

"எனக்கும் கணக்கு நல்லா வரும்டி" என்றாள் புல்லம்மா. அவள் குரல் எப்போதும் இருப்பது போல இல்லை. "ஏழாவதுல நானும் உங்க நாய்னாவும் ஒரே வகுப்பு. அவன் ஒரு தடவ ஃபெயிலாயிட்டான்ல, அதனால. அப்பல்லாம் ஏழாவதுக்கே பப்ளிக் பரீட்சை. அதுக்குப் பேரு குடுக்கற அன்னிக்கு என்ன மொளகாக் காட்டுக்கு அனுப்பிட்டாங்க. அன்னிக்குப் பந்தியில உங்கண்ணன மட்டுமா கேலி பண்ணேன்னு நெனச்ச? உங்க நாய்னாவுக்கு உறைக்கும்னுதான் பேசினேன். அவன் உன்னப் போய் நிறுத்துவான்னு எனக்குத் தோணல."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். மத்திலேட்டி அப்பாவைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான். ஓபுளேசு அங்கேயே நின்றுகொண்டிருந்தான். தங்கச்சியோடு ஒரே தெருவில் இத்தனை வருஷம் இருந்தும் இதைப் பற்றி ஒரு வார்த்தை அவன் பேசியதில்லை.

ஹைமாதான் கேட்டாள்.

"நாய்னா பாஸானப்புறம் அடுத்த வருஷம் நீ எழுதியிருக்கலாமே அத்த?"

புல்லம்மா முறத்தைத் தட்டிக் காம்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"அடுத்த வருஷமா? அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம்டி."